லைன்மேன் வீட்டு அடைப்பெட்டி

தடுப்பூசி மருந்து வந்திறங்கும் தெர்மாகோல் பெட்டிகள் எங்கள் சுகாதார நிலையத்தின் பின்னறையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அதில் ஒன்றைக் கேட்டுத்தான் அடுத்த வீட்டு அக்கா முதன்முதலில் என் வாசலுக்கு வந்தார். மூலை உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை என்றார். மாவு புளிக்க வைக்கக் கேட்கிறார் என்று நினைத்தேன். கொல்லிமலைக் குளிரில் இட்லி மாவு பொங்காமல் கிடந்து உயிரை வாங்கும். "மாவுக்கில்லீங்க நர்சம்மா, முட்டைக்கு. அடை வெக்கப் போறேன்" என்றார். கோழி எங்கே என்று கேட்டேன். "கோழி இருந்தா உங்ககிட்ட எதுக்குங்க பெட்டி கேக்கறேன்?" என்று சிரித்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு அங்கே செவிலியர் வேலை போட்டிருந்தார்கள். நான் திண்டுக்கல் பக்கத்துச் சமவெளிக்காரி. மலை வளைவுகளில் பஸ் ஏறும்போதே பாதி உயிர் போய்விட்டது. மீதி, மேலே பைல் நாடு என்கிற அந்தப் பகுதியின் குளிரில் போயிற்று. குடியிருப்பில் என் அடுத்த வீடு லைன்மேனுடையது. ஊரெல்லாம் அவரை லைன்மேன் என்றே கூப்பிட்டது. நான் அண்ணன் என்றேன், அவர் மனைவியை அக்கா என்றேன். இருவரும் பேளுக்குறிச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மகளைச் சேந்தமங்கலத்தில் விடுதியில் சேர்த்துவிட்டு மேலே வந்திருந்தார்கள். வரும்போது அக்கா இரண்டு கூடைகளில் தன் கோழிகளையும் பஸ்ஸில் ஏற்றி வந்தாராம். முதல் மழைக்காலத்தில் வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் அத்தனையும் செத்துப்போயின. அதன்பிறகு அவருக்குப் பொழுது நகரவில்லை. அண்ணன் விடிந்ததும் கம்பிகளைத் தேடிக் காட்டுக்குள் போய்விடுவார். "பாடுபட்ட ஒடம்புங்க. சும்மா உக்காந்தா புத்தி பேதலிச்சிரும்" என்பார் அக்கா.

முட்டை பொரிக்கப் பல்பு போதும் என்று அவர் எங்கே கேள்விப்பட்டார் என்பது எனக்குத் தெரியாது. நாமக்கல் பக்கம் பெரிய பண்ணைகளில் இயந்திரத்தில் பொரிக்கிறார்கள் என்று கேட்டிருப்பார். இயந்திரம் செய்வதைப் பெட்டி செய்யாதா என்று தோன்றியிருக்கும். அண்ணன்தான் பெட்டிக்குள் பல்பு மாட்டிக் கொடுத்தார். காய்ச்சிய கம்பியால் பக்கவாட்டில் காற்றுத் துளைகள் போட்டார். உள்ளே வைக்கோல், ஒரு மூலையில் டிபன் மூடி நிறையத் தண்ணீர், குளிர்பெட்டிக்கு வேண்டாமென்று நான் ஒதுக்கி வைத்திருந்த வட்டத் தெர்மாமீட்டர் ஒன்று. பக்கத்து ஊர்களில் மலைக்காரப் பெண்களிடம் சேவல் சேர்ந்த கோழிகளின் முட்டையாகப் பார்த்து வாங்கி வந்து, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்திலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, ஒரு நாளைக்குச் சில முறை குறி மேலும் கீழுமாகப் புரட்டி வைப்பார். தெர்மாமீட்டரை அவர் முழுதாக நம்பவில்லை. முட்டையை எடுத்துத் தன் கண்ணிமைமேல் ஒற்றிப் பார்ப்பார். சூடு இதமாக இருந்தால் தலையசைப்பார், அதிகமென்றால் மூடியைக் கொஞ்சம் விலக்கி வைப்பார்.

முதல் முறை பல்பு பெரிதாகிப் போயிற்று. முட்டைகள் பொரியவில்லை, வெந்தன. "எங்கூட்டு அடைக்கோழிக்குக் காய்ச்சல்" என்று அண்ணன் குடியிருப்பு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அண்ணனே சின்னப் பல்பு வாங்கி வந்து மாட்டினார். இரண்டாம் முறை பாதிக்குமேல் கூமுட்டையாகப் போனாலும் மீதி பொரிந்தன. மின்சாரம் போகும்போதெல்லாம், அங்கே அது போகாத நாள் ஏது, காலியான குளுக்கோஸ் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி உள்ளே வைத்துச் சமாளித்தோம். முட்டை கொடுத்த பெண்களுக்கெல்லாம் அக்கா குஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப்பின் அவர்களே முட்டையைத் துணியில் பொதிந்து கொண்டுவந்து அக்காவின் வாசலில் நின்றார்கள். அந்த மாதங்களில்தான் அவர் முகத்தில் களையைப் பார்த்தேன். கூடவே டீக்கடையில் ஒரு பேச்சும் கிளம்பியிருந்தது. லைன்மேன் வீட்டில் கரண்ட் சும்மா கிடைக்கிறது, அதனால்தான் கோழிமுட்டைக்கெல்லாம் விளக்குப் போடுகிறார்கள் என்று. அவர்கள் வீட்டிலும் மீட்டர் ஓடியது, மற்றவர்களைப் போலத்தான் பணம் கட்டினார்கள். பேசியவர்களுக்கும் அது தெரியும்.

மூன்றாம் முறை முட்டைகள் பொரிய வேண்டிய நேரத்தில் ஐப்பசிக் காற்று வந்தது. ஒரு பெரிய மரம் கம்பிமேல் சாய்ந்து மலை முழுக்க இருண்டது. மறுநாளும் மழை விடவில்லை. என் குளிர்பெட்டியில் தடுப்பூசி மருந்து கெட்டுப்போகும் நிலை. மாவு மில் நின்றது. பள்ளி விடுதிக்குத் தண்ணீர் ஏற்ற முடியவில்லை. அக்கா உறங்காமல் வெந்நீர் காய்ச்சி மாற்றிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த நாள் காலை மழை கொஞ்சம் ஓய்ந்ததும் அண்ணன் சுகாதார நிலையத்துக்கு வந்தார். அந்தப் பகுதியில் வேலை செய்யும் தொலைபேசி எங்களிடம்தான் இருந்தது. கீழே, மலைக்கு மின்சாரம் அனுப்பும் நிலையத்துக்குப் பேசினார். நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க, மரத்தை வெட்டியாச்சு. கம்பி கட்ட ஏறப் போறேனுங்க. நான் மறுபடி போன் பண்ற வரைக்கும் லைனைப் போட்டுறாதீங்க" என்றார். மறுமுனையில் இரைச்சல் போல. அதையே இன்னும் உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிறகு "சரிங்க, சரிங்க" என்று வைத்துவிட்டார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "சாயங்காலத்துக்குள்ள லைன் வரலேன்னா உங்க அக்கா என்னை ஊட்டுக்குள்ள சேக்க மாட்டா, நர்சம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நண்பகல் வாக்கில் நான் கொதித்த நீரில் இரண்டு பாட்டில்களை நிரப்பி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் பெட்டியின் அருகே முழந்தாளிட்டு, ஒரு முட்டையை என் காதருகே நீட்டினார். உள்ளே குஞ்சு கத்தியது. ஓட்டின் நுனியில் விரிசல் விட்டு, அதன் வழியே அலகு வெள்ளையாகத் தெரிந்தது. அப்போதுதான் பல்பு எரிந்தது. நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகளைப் போலக் கைதட்டினோம். "போட்டுட்டாரு பாருங்க உங்க அண்ணன்!" என்றார் அக்கா. அந்த முகத்தை என்னால் இன்றுவரை அழிக்க முடியவில்லை. சொல்லி வாய் மூடுவதற்குள் பல்பு அணைந்துவிட்டது. "இந்தக் கரண்டுக்கு இதே பொழப்பு" என்று அவர் என் கையிலிருந்த பாட்டிலை வாங்கித் துணி சுற்றினார். சுற்றி முடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தபோது வெளியே ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது.

கீழே இருந்து யாரோ விசையைப் போட்டிருக்கிறார்கள். அண்ணன் கம்பத்தின் உச்சியில் இருந்தார். நான் ஓடிப்போய்ச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். செய்யும்போதே பலனில்லை என்று கைகளுக்குத் தெரிந்துவிட்டது. பிரேதப் பரிசோதனைக்காக அவரை நாமக்கல்லுக்கு ஜீப்பில் கொண்டுபோனார்கள். அக்காவும் கூடப் போனார். கதவைப் பூட்ட நான் திரும்பி வந்தபோது பெட்டிக்குள் கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம். வேறெந்த முறையும் அத்தனை குஞ்சுகள் பொரியவில்லை.

காரியம் முடிந்து அக்கா வீட்டைக் காலி செய்ய மேலே வருவதற்குள் பேச்சு அவருக்கு முன்னால் வந்து நின்றிருந்தது. பெண்டாட்டி அடைவைத்த முட்டை கெட்டுவிடும் என்று அவசரப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் ஏறிவிட்டான் என்றார்கள். முதலில் சொன்னது யார் என்று யாராலும் காட்ட முடியவில்லை. மின்வாரியத்திலிருந்து விசாரணைக்கு வந்த அதிகாரி சுகாதார நிலையத்துக்கு வருமுன் அக்கா வீட்டுக்குத்தான் போனார். பெட்டியை வெளியே எடுத்து வைக்கச் சொல்லி, மூடியைத் திறந்து பார்த்தார். கூட வந்தவர் போட்டோ எடுத்தார். "எத்தனை முட்டைம்மா வெச்சிருந்தே?" என்று கேட்டார். கணவனைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்த அக்கா, முட்டைக் கணக்குச் சொன்னார்.

நான் காதில் கேட்டதைக் கேட்டபடி அதிகாரியிடம் சொன்னேன். அண்ணன் உட்கார்ந்த இடத்தைக் காட்டினேன். அவர் பொறுமையானவர், குரலே உயரவில்லை. "அவர் பேசினதைத்தானேம்மா கேட்டீங்க? அந்தப் பக்கம் என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை. ஆனால் அவர் சரிங்க, சரிங்க என்றாரே என்றேன். "எதுக்குச் சரின்னார்? இப்ப ஏறாதேன்னு சொல்லி, அதுக்குச் சரின்னிருக்கலாமில்ல?" என்றார். கீழே விசைக்கு அருகில் இருந்தவர், தனக்கு அப்படியொரு போனே வரவில்லை என்று சொல்லியிருந்தார். உயிரோடு இருந்தவர் சொல் நின்றது. அதே கம்பியில்தான் என் மருந்துப் பெட்டியும் மாவு மில்லும் பள்ளி மோட்டாரும் ஓடின. தடுப்பூசிக்காக அவர் அவசரப்பட்டார் என்று யாரும் சொல்லவில்லை. முட்டை என்றால் சிரிக்கலாம் அல்லவா.

குஞ்சுகளை அதுவரை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். கிளம்புகிற அன்று அக்கா வந்து கூடையைத் திறந்து பார்த்தார். "எல்லாரும் சொல்றாங்களே நர்சம்மா. ஒருவேளை இதுகளுக்காகத்தான் ஏறிட்டாரோ?" என்றார். "இல்லக்கா. அது அவர் வேலை. நீங்க பெட்டியே வெக்காம இருந்திருந்தாலும் ஏறித்தான் இருப்பார்" என்றேன். அது உண்மை. ஆனால் அன்று போன் பேசிவிட்டுக் கிளம்பும்போது சிரித்துக்கொண்டே அண்ணன் சொல்லிவிட்டுப் போன வார்த்தையை அக்காவிடம் நான் சொல்லவில்லை, அதிகாரியிடமும் சொல்லவில்லை. ஒரு மனிதன் தன் பெண்டாட்டியை நினைத்துச் சிரித்ததைக் குற்றமாக்க அவர்களுக்கு நான் கருவி கொடுக்க வேண்டியதில்லை என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். குஞ்சுகளை முட்டைக்காரப் பெண்களிடம் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு அக்கா பஸ் ஏறினார். ஆனால் அந்தப் பெண்கள் வாங்க மறுத்தார்கள். சாவு வாங்கிய குஞ்சு ஆகாது என்றார்கள்.

விசாரணை முடியாமல் வாரிசு வேலைக்கான மனு நகராது என்று அக்காவை அலைய விட்டார்கள். கடைசியில் அலுவலகத்தில் ஒருவர் உதவி செய்வதுபோலச் சொன்னாராம்: "யாருகிட்டயும் சொல்லாம அவராவே ஏறிட்டாருன்னு நீங்களே சொல்லிட்டா இது முடிஞ்சிரும்மா. போனவர் திரும்பி வரப்போறதில்ல, புள்ளையப் பாருங்க." அக்கா என்னைத் தேடி மலையேறி வந்து, என்ன செய்வது என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இருந்தது. ஆனால் மகளுக்குச் சோறு நான் போடப்போவதில்லையே. "உங்க இஷ்டம்க்கா" என்றேன். அடுத்த வாரம் அவர் போய்ச் சொல்லிவிட்டார். கீழே அதே நிலைய வளாகத்தில் அலுவலக உதவியாளர் வேலை கிடைத்தது. பெருக்குவது, கோப்பு எடுத்துக் கொடுப்பது, டீ வாங்கி வருவது. அந்த விசைக்காரர் உட்கார்ந்த மேசைக்கும் அவர்தான் டீ கொண்டுபோக வேண்டும்.

எனக்கு மாற்றல் வந்து இறங்கிய பிறகும் சேந்தமங்கலம் பக்கம் போகும்போதெல்லாம் அக்காவைப் பார்ப்பேன். மகள் படித்து முடித்தாள், கல்யாணமும் ஆயிற்று. மலைச் சாலையில் இன்று எங்கு பார்த்தாலும் விடுதி, விடுதிக்கு விடுதி நாட்டுக்கோழிக் குழம்பு. முட்டை பொரிக்கும் பெட்டி தெர்மாமீட்டரோடு, தானே புரட்டிவிடும் வசதியோடு கடையிலேயே கிடைக்கிறது. அதை ஒருமுறை சொன்னேன். "கெடைக்கட்டும்" என்றார் அக்கா. நர்சம்மா என்று கூப்பிட்டவர் எப்போதிருந்து கண்ணு என்று கூப்பிடத் தொடங்கினார் என்று எனக்கு நினைவில்லை.

இடையில் விசைக்காரர் ஓய்வுபெற்றபோது நடந்ததை அக்காதான் எனக்குச் சொன்னார். பந்தல் போட்டு, மாலை போட்டு, இத்தனை வருட வேலையில் ஒரு கரும்புள்ளி இல்லாதவர் என்று மேடையில் பேசினார்களாம். அக்கா டீத் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையாகக் கொடுத்து வந்திருக்கிறார். விசைக்காரர் முன்னால் வந்தபோது, அந்த மனிதர் எழுந்து நின்று, கண் கலங்கி, எல்லோர் காதிலும் விழும்படி, "உங்கூட்டுக்காரரு தங்கமான மனுசனுங்கம்மா. என்ன, கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு" என்றாராம்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"டீ ஆறுதுங்க, எடுத்துக்கங்கன்னேன்" என்றார் அக்கா. "வேற என்னத்தைச் சொல்றது கண்ணு? எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்குதே."