விறகுப் புகை வாசனை அடித்த ஆம்ப்

போன புதன்கிழமை காலை. கடைக்கு வந்த ஒரு ஆம்ப்ளிஃபையரைத் திறப்பதற்கு முன்னால் மோந்து பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். ரிப்பேர் வேலையில் முதலில் வேலை செய்வது மூக்குதான். டிரான்ஸ்ஃபார்மர் கருகினால் ஒரு வாசனை. ரெசிஸ்டர் எரிந்தால் வேறு வாசனை.

இதில் அடித்தது இரண்டும் இல்லை. விறகுப் புகை. சாமைச் சோறு வேகிற அடுப்பங்கரையின் வாசனை.

கரண்ட்டில் ஓடுகிற பெட்டிக்குள் விறகு எப்படி எரிந்தது?

கொண்டு வந்தவள் வசந்தி. மலை மேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். பேஸ் கித்தார் வாசிக்கிறவள். பாட்டுக்கு அடியில் ‘தும்... தும்...’ என்று கனமாக ஒரு சத்தம் போகுமே — அது இவள் வேலை. மலையில் திருவிழா, காதுகுத்து என்றால் இவளைக் கூப்பிடுவார்கள். ஆம்ப்பைக் கம்பளியில் சுற்றி, ஷேர் ஜீப்பில் காவலூர் வந்து இறங்கியிருந்தாள். ஒரு பக்கம் அவள் பிடிக்க, மறுபக்கம் அவள் அப்பா பொன்னன். ஊரில் மேளம் வாசிக்கிறவர்.

“அண்ணா, நாளைக்கு சாய்ங்காலம் கணியம்பாடியில ரிசப்ஷன். கீழ எறங்கி வாசிக்கிறது இதான் மொதோ தடவ. இது இன்னாடான்னா ம்ம்ம்...முன்னு அழுவுது.”

“வேற ஆம்ப் யார்கிட்டயாவது கேட்டுப் பாரேன்மா.”

“யாராண்ட இருக்குது? கீபோர்டு வாசிக்கிறவருதான் செட்டு நடத்துறாரு. ஆம்ப்போட வந்தா வா, இல்லன்னா வேலூர்ல ஆளு ரெடியா இருக்குறான்னு சொல்லிட்டாரு.”

ஆக, பெட்டி பேசினால் இவள் மேடையில். பேசாவிட்டால் வேறு ஒருவன் மேடையில். விஷயம் அவ்வளவுதான்.

ப்ளக்கைச் சொருகினேன். ‘ம்ம்ம்’ என்று முனகியது. வசந்தி கித்தார் கம்பியைத் தட்டினாள். ‘தும்’ வரவில்லை. கிழிந்த தகரம் காற்றில் ஆடுகிற மாதிரி ‘பர்ர்’ என்றது.

“எப்பலேர்ந்து இப்படி?”

“ரொம்ப நாளாவே மொரண்டு புடிக்குதுண்ணா. ஆனா ஒரு அதிசயம். வூட்ல பிராக்டிஸ் பண்ணா அழுவும். ப்ரோக்ராம் அன்னிக்கு மட்டும் கம்முனு நல்லா பேசும். அதான் வுட்டுட்டேன்.”

“ப்ரோக்ராம் என்னிக்குன்னு மிஷினுக்குத் தெரியுமா?”

“சாமி கும்ட்டுட்டுதான் எடுத்துனு போவேன். அதனாலன்னு நெனச்சேன்.”

சாமியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் அனுபவத்தில் அவர் சப்ளை போர்டில் கை வைத்ததில்லை.

பொன்னன் மீசையைத் தடவிக்கொண்டு என் கடைக் கூரையைப் பார்த்தார். கூரையில் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது.

ப்ளக்கைப் பிடுங்கினேன். உள்ளே தேங்கி நிற்கிற கரண்ட்டை வடித்தேன் — ப்ளக் எடுத்த பிறகும் அது ஆளை உதறும். பிறகுதான் மூடியைக் கழற்றினேன்.

பெட்டிக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற சப்ளை போர்டில் இரண்டு பெரிய கெபாசிட்டர்கள். ஒன்றின் தலை உப்பியிருந்தது. இன்னொன்றின் அடியில் பழுப்பாகக் கசிவு.

கெபாசிட்டர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு... தெருவில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. வீட்டில் தொட்டி கட்டுகிறோம். குழாயில் சீராக வருகிறது. அந்தத் தொட்டிதான் கெபாசிட்டர். தொட்டி காய்ந்தால் கரண்ட் விட்டு விட்டு வரும். அதுதான் அந்த ‘ம்ம்ம்’.

(போன வாரம் மிக்ஸி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ‘இன்னும் விளக்கமாக எழுதலாமே’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் விளக்கம் இந்தத் தொட்டி அளவுதான்.)

கெபாசிட்டர் வயதாகிப் போவது சகஜம். ஆனால் இதன் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை, ஒரு பக்கம் மட்டும் சுருங்கியிருந்தது. பெட்டியின் பின்னால் காற்றுப் போக ஓட்டை இருக்கிற பக்கம். உள்ளிருந்து வந்த சூடு என்றால் சுற்றிலும் சுருங்க வேண்டும். இது வெளியிலிருந்து போன சூடு.

“இத நெருப்பாண்ட யாரு வெச்சது?”

“யாரும் வெக்கலியே...” என்றாள் வசந்தி.

பொன்னன் தொண்டையைக் கனைத்தார். “நாந்தான்.”

மாட்டிக்கொண்டவர் மாதிரி சொல்லவில்லை. பரிசு வாங்க எழுந்தவர் மாதிரி சொன்னார்.

மலைப் பனியில் மேளத் தோல் தளர்ந்துவிடும். தட்டினால் ‘தொப்’ என்னும். வாசிக்கப் போகும் முன் தணலில் காட்டினால் தோல் விறைத்துக்கொள்ளும். சத்தம் கணீரென்று எழும். மேளக்காரர் எல்லோரும் செய்வதுதான். பொன்னன் ஒரு படி மேலே போயிருக்கிறார். ப்ரோக்ராம் அன்று மகள் குளிக்கப் போகிற நேரத்தில், மேளத்தோடு ஆம்ப்பையும் அடுப்பின் அருகே உட்கார வைத்திருக்கிறார்.

“மொணமொணன்னு அழுதுச்சிப்பா. பனி பூந்துக்கிச்சின்னு சூடு காட்னேன். காட்னதும் கம்முனு ஆய்ட்ச்சி.”

வசந்தி எழுந்தே விட்டாள். “அப்பா! அது இன்னா மேளமா? அதுல தோலா கட்டிக்கீது?”

“ரெண்டும் சத்தம் போட்ற பெட்டிதான? அன்னிக்கெல்லாம் கைதட்டு வாங்கினியே, அப்ப மட்டும் இனிச்சுதா?”

“இன்னிக்கும் காட்னியா?”

பொன்னன் குரல் கொஞ்சம் இறங்கியது. “இன்னிக்கு ரவ ஜாஸ்தியா காட்டிட்டேன். நாளைக்கு பெரிய எடத்துல வாசிக்கப் போறியேன்னு...”

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் சிரிப்பேன் என்று நினைத்திருப்பாள்.

சிரிக்க முடியவில்லை. ஏனென்றால், மனிதர் பாதி சரி.

உள்ளே இருக்கிற ரசாயன ஈரம் காய்ந்துகொண்டு வருகிற கெபாசிட்டர், சூடு ஏறினால் கொஞ்ச நேரம் நன்றாக வேலை செய்யும். முனகல் குறையும். அது உண்மை. ஆனால் அதே சூடு, உள்ளே மிச்சம் இருக்கிற ஈரத்தையும் குடித்துவிடும். ஒவ்வொரு தடவை காட்டியபோதும் அன்றைய ப்ரோக்ராம் பிழைத்தது. பெட்டியின் ஆயுள் குறைந்தது.

இதைச் சொன்னதும் பொன்னன் ஸ்டூலில் உட்கார்ந்தார். தோள் துண்டு மடிக்கு வந்தது.

“அப்போ நாந்தான் கெடுத்தேனா, தம்பி?”

“பாதி.”

“மீதி?”

“வயசு.”

“யாருக்கு?”

“கெபாசிட்டருக்குங்க.”

வசந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. “எப்டியாவது பேச வெச்சிரு. என்னால அவளுக்கு மேடை போவக்கூடாது” என்றார்.

அளவு பார்த்தேன். தொட்டியின் கொள்ளளவு 4700, தாங்குகிற அழுத்தம் 63 வோல்ட். என்னிடம் 4700 இருந்தது. ஆனால் 50 வோல்ட். அச்சாகப் பொருந்தும். போட்டால் அன்றைக்குப் பேசவும் பேசும். ஆனால் இந்தப் பெட்டிக்குள் நாற்பத்தைந்து வோல்ட் ஓடுகிறது. மண்டபத்தில் ஜெனரேட்டர் ஒரு துள்ளு துள்ளினால்? மேடையிலேயே வெடிக்கும்.

அதை ஓரமாக வைத்துவிட்டேன்.

டப்பாவைக் கிளறினேன். 2200, 63 வோல்ட்டில் புதிதாக நான்கு கிடந்தன. இரண்டு சின்னத் தொட்டியை இணைத்தால் கிட்டத்தட்ட ஒரு பெரிய தொட்டி. இரண்டு இரண்டாகச் சேர்த்தேன். போர்டில் நிற்க இடம் இல்லை. படுக்கப் போட்டு, ஒயர் இழுத்து, ஆடாமல் பசை வைத்தேன். ப்ளஸ், மைனஸ் இரண்டு தடவை பார்த்தேன். மாறினால் பட்டாசு.

பார்க்க அழகாக இல்லை. அழகுக்கு மூடி இருக்கிறது.

முதல் தடவை நேராகக் கரண்ட் கொடுக்க மாட்டேன். நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டி, அதன் வழியாகக் கொடுப்பேன். உள்ளே தப்பு இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். பெட்டி தப்பிக்கும்.

சுவிட்சைப் போட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்தது... மங்கியது... அணைகிற மாதிரி ஆகிவிட்டது.

“அய்யோ, பூட்ச்சே!” என்றார் பொன்னன்.

“போவல. தொட்டி ரொம்பிட்ச்சி.”

பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தேன். சத்தமே இல்லை. நல்ல ஆம்ப்புக்கு அதுதான் அடையாளம்.

வசந்தி கம்பியைத் தட்டினாள்.

‘தும்.’

மேசையில் கழற்றி வைத்திருந்த ஸ்குரூ எல்லாம் நகர்ந்தன. பொன்னன் வந்து பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

“ஜில்லுன்னு இருக்குது. ஆனா பேசுதே!”

நன்றாகச் சூடேற ஓடவிட்டு, மறுபடி பார்த்துத்தான் கொடுத்தேன். ஜீப் ஏறும்போது கம்பளியைச் சுற்றப் போனார் பொன்னன். வசந்தி முறைத்தாள். கம்பளி அவர் தோளுக்குப் போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. மண்டபத்திலிருந்து வசந்தி.

“அண்ணா, இடைவேள வுட்டுக்கீது. நல்லா போவுதுண்ணா! கீபோர்டு வாசிக்கிறவரு அடுத்த முகூர்த்தத்துக்கும் என்னியே வரச் சொல்லிட்டாரு. இருங்க, ஒரு தட்டு தட்றேன், கேளுங்க.”

கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. போனில் இருக்கிற பொட்டு ஸ்பீக்கருக்கு பேஸ் எட்டாது.

எட்டியது பின்னால் ஒரு குரல். மண்டபமே கேட்கிற மாதிரி.

“யோவ்! காபி கேன அது மேல வெக்காத! சூடு ஆவாது அதுக்கு! எட்றா மொதல்ல!”

பொன்னன்தான்.

எனக்கு அது போதும்.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அவர் மட்டுமா? நமக்கு எந்த அன்பு தெரியுமோ, அதைத்தானே எல்லாவற்றுக்கும் காட்டுகிறோம்? தோலைக் காய்ச்சியவர் ஆம்ப்பைக் காய்ச்சினார். தொட்டிலுக்குத் துணி போர்த்திய கை, இன்வெர்ட்டருக்கும் போர்த்தி உள்ளே சூட்டை அடைக்கிறது. அன்பில் தப்பில்லை. அன்பை வாங்கிக்கொள்கிற பொருளுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். பொன்னன் கேட்டுக்கொண்டார். மேளம் வாசிக்கிற கை இப்போது ஆம்ப்புக்குக் காவல்.

சரி... உங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸ் மேல் பூப்போட்ட துணி ஒன்று கிடக்குமே — எழுந்துபோய் அதை எடுங்கள்.