ஆலோசகரின் கத்தியும் ஃபெர்டினாண்டின் கண்ணும்

வியன்னாவில் காபிக்கடை சர்வருக்கு முதல் பாடம் ஒன்றுதான்: வருகிறவனை ஒரு படி உயர்த்திக் கூப்பிடு. கண்ணாடி போட்டவன் டாக்டர். டாக்டரே வந்தால் பேராசிரியர். இப்படிப் பட்டத்தை வாரி வழங்கியே வயிறு வளர்த்தவன் ஃபெர்டினாண்ட் கிராலிக். பட்டம் எவ்வளவு மலிவு என்று தெரிந்த அவனே பட்டத்தைக் கண்டால் குழைந்ததுதான் கூத்து.

1911இல் அவனுக்குப் பக்கவாட்டுப் பார்வை மங்கியது. தட்டும் கையுமாகப் போய்ச் சீமாட்டிகளின் தொப்பியில் இடித்தான். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, அது கண் நரம்பை நசுக்குகிறது, எடுக்காவிட்டால் குருடுதான் என்றார்கள்.

முன்பெல்லாம் மண்டையைத் திறந்தார்கள், பிழைத்தவர்கள் குறைவு. இப்போது அரசவை ஆலோசகர் என்ற பெரிய பட்டம் வாங்கிய அறுவை மருத்துவர் ஸெஹெட்னர் மூக்கை வெட்டி, கதவைத் தள்ளுவதுபோல் ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். டவுபர் என்ற இளம் மூக்கு வைத்தியரோ மரத்துப்போக மருந்து தடவி, நாசித் துவாரம் வழியாகவே எடுத்தார். முகத்தில் கீறல்கூட விழாது.

"டவுபர்கிட்டயே போகலாங்க," என்றாள் மனைவி ஹெர்மினே.

"வெறும் டாக்டர்கிட்டயா? நாலு பேரு கேட்டா என்னடி சொல்றது?"

"வெட்டுப்படப் போறது உங்க மூக்கு. நாலு பேரு மூக்கு இல்ல."

கேட்டால்தானே! ஆலோசகர் வெட்டினார். மூக்கு கோணலாக ஒட்டியது. கட்டியில் பாதி உள்ளேயே தங்கிவிட்டது. பார்வை இம்மியும் திரும்பவில்லை.

பிறகு மாணவர்கள் நிறைந்த மண்டபத்தில் அவனை நிறுத்தி, பக்கவாட்டில் விரலை நீட்டினார் ஆலோசகர்.

"தெரியுதாப்பா?"

கதவோரம் நின்று கணவனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஹெர்மினே. இல்லை என்று சொன்னால் மீதிக் கட்டியையாவது எடுக்கப் பார்ப்பார்கள்.

"ரொம்ப நல்லாத் தெரியுதுங்க ஐயா," என்று குனிந்தான் ஃபெர்டினாண்ட்.

மாணவர்கள் பெஞ்சைத் தட்டிப் பாராட்டினார்கள். குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார் ஆலோசகர்.

"ஏங்க பொய் சொன்னீங்க?"

"அத்தனை பேரு முன்னாடி அவரைத் தலைகுனிய வைக்கச் சொல்றியா? மரியாதைன்னு ஒண்ணு இல்ல?"

மரியாதையாம்! அவனைத் தரதரவென்று டவுபரிடம் இழுத்துப் போனாள். அந்த வீரரோ கையைப் பிசைந்தார்.

"குணமாச்சுன்னு ஆலோசகரே சபையில சொன்ன ஆளும்மா. இவரை நான் தொட்டா இந்த ஊர்ல எனக்குப் பிழைப்பு ஏது?"

அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் மரத்தின் மெழுகுவர்த்திகளை எல்லாம் ஏற்றிவிட்டு அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள் ஹெர்மினே.

"இன்னும் ஏத்தலையா?" என்று கேட்டான் ஃபெர்டினாண்ட்.