ஒரே குழாயில் இரண்டு காற்றுப் பைகள்

மகன் துபாய்க்குப் போன பிறகு நெல் மூட்டை வேனை நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன். பாரத்தில் பின்பக்கம் தாழ்கிறதே என்று, பின் சக்கரங்களுக்கு மேல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காற்றுப் பைகள் வைத்துத் தூக்கிப் பிடிக்கும் ஏர் சஸ்பென்ஷன் கிட், இருப்பதிலேயே மலிவானதாக வாங்கி மாட்டினேன். குத்தாலம் போகும் வழியில், வாய்க்கால் ஓர வளைவில் வண்டி தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. எப்படியோ ஸ்டீயரிங்கை நேராக்கிக் கரை விளிம்பில் நிறுத்தினேன். "யாராவது வாங்களேன்!" என்று கத்தினேன். கண்ணுக்கெட்டிய வரை வயல். ஒரு கொக்குகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மெல்ல ஓட்டி மெக்கானிக்கிடம் சேர்ந்தேன். "ரெண்டு பைக்கும் ஒரே டியூபாங்க? வளைவுல அமுங்குற பையோட காத்து அடுத்ததுக்கு ஓடிடும். வண்டி குளிக்கப் பாத்திருக்கு!" என்று சிரித்தார்.

இப்போது ஒவ்வொரு பைக்கும் தனிக் குழாய், தனி வால்வு. மலிவு கிட் வாங்கினாலும் இதைப் பார்த்து வாங்குங்கள். பாரம் ஏற்றியதும் இரண்டிலும் காற்றை அளந்த பிறகே கிளம்புகிறேன். பக்கத்து இருக்கையிலிருந்து "சாயுதுப்பா" என்று சொல்ல ஆளில்லையே.