பூசைக்கு வெளியில் நின்றவர்கள்

எங்கள் கோயிலில் ஆண்கள் பூசைக்கு வருவார்கள், உள்ளே வரமாட்டார்கள். கல்யாணம், சாவு, நத்தார்ப் பண்டிகை என்றால் வாங்குப் பலகைகளில் வந்து இருப்பார்கள். மற்ற ஞாயிறுகளில் வெளியே பூவரச மரத்தடிதான் அவர்களுக்குக் கோயில். ஒருவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருப்பார், ஒருவர் மதிலில் குந்தியிருப்பார், இன்னொருவர் நங்கூரத்தில் நிற்கிற தன் படகை அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பார். ஒலிபெருக்கியில் மணிச்சத்தம் கேட்டால் எல்லோரும் ஒற்றைக் காலை மடக்கி முழந்தாளிடுவார்கள். பிரசங்கம் தொடங்கினால் பீடி பற்றவைப்பார்கள். சிலாபத்திலிருந்து கற்பிட்டிவரை எந்தக் கரைக் கோயிலுக்குப் போனாலும் இப்படி ஒரு கூட்டத்தைக் காணலாம்.

எங்கள் மரத்தடியில் நிற்கிற பதினைந்து பேரில் என் கணவரும் ஒருவர். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் பள்ளிக்கூட ஆசிரியை, ஞாயிறு மறைக்கல்வியும் என் கையில்தான். பூசை நேரத்தில் அசையாமல் இருக்க வேண்டும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்லிக்கொடுக்கிறவளின் புருசன் தன் ஓட்டோவில் சாய்ந்துகொண்டு வெளியே நிற்பார். பிள்ளைகள் விவரமானவர்கள், கேட்கத்தான் செய்வார்கள். ஒருத்தி கேட்டே விட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தம் கடற்கரைவரை கேட்டிருக்கும்.

அவரோ காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார். ஞாயிறு விடியற்காலையில் பெற்றோல் அடிக்க என்று பாலாவிக்குப் போவார். பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. வரிசை ஒழிந்த பிறகும் அவர் போவதை விடவில்லை. கேட்டால், "அங்கதான் அளவு சரியா இருக்கும்" என்பார். நான் பூசையில் வாசிக்கிற வாசகத்தைப் பார்க்கவும் பிள்ளைகளை வரிசைப்படுத்தவும் முன்னதாகவே நடந்து போய்விடுவேன். அவருடைய ஓட்டோ பூசை தொடங்குகிற நேரத்துக்கு மரத்தடியில் வந்து நிற்கும்.

இந்த வருடம் ஜனவரியில் புதிய பங்குத்தந்தை எங்களை மண்டபத்தில் கூட்டினார். வந்து இரண்டு மாதம்தான், இளம் வயது, பேச்சு மெதுவாக இருக்கும். "புது வருசத்தில் நம் கோயில் எதற்காக இருக்கிறது என்று நாமே நம்மைக் கேட்டுப் பார்ப்போம்" என்றார். ஒருவர் மணிக்கூண்டு கட்டவேண்டும் என்றார். ஒருவர் மாதா சுரூபம் நிற்கிற கெபிக்குப் பெயின்ட் அடிக்கவேண்டும் என்றார். ஒலிபெருக்கி இரைகிறது என்றார் மூன்றாமவர். குருவானவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கட்டடம் கிடக்கட்டும். யார் இங்கே இல்லை? அவர்களிடமிருந்து தொடங்கலாமா?" என்று கேட்டார்.

நானே கையை உயர்த்தினேன். "தூரத்தில் தேட வேண்டாம் பாதர். மரத்தடியில் பதினைந்து பேர் நிற்கிறார்கள். முதலில் அவர்களை உள்ளே கொண்டுவருவோம்" என்றேன். பெண்கள் கைதட்டினார்கள். அந்த வேலை எனக்கே வந்தது.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுப் போய் இரண்டு தரம் கரியவிட்டேன். படுத்தாலும் யார் எந்த வாங்கில் இருப்பார் என்று மனதுக்குள் ஆளை இருத்திப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். ஆண்களுக்குச் சாட்டுச் சொல்லத் தெரியாதா? "உள்ள காத்து வராது, டீச்சர்" என்றார்கள். இரண்டு மின்விசிறி போடச் செய்தேன். "எங்கட உடுப்பெல்லாம் மீன் மணக்கும்" என்றார்கள். மீன் பிடித்தவர்களைத்தான் ஆண்டவர் முதலில் கூப்பிட்டார் என்றேன். "கடல்ல நிக்கிற போட்டப் பாக்கோணும்" என்றவர்களுக்கு, கடல் பக்க வாசலைத் திறந்து அதற்கு நேரே வாங்குகளைப் போட்டுக் கொடுத்தேன்.

அவர்களில் மூத்தவர் ஒருவர், சொந்தமாக இரண்டு படகு உள்ளவர், என்னை வேலியோரம் நிறுத்தினார்.

"டீச்சர், சொல்றதக் கேளுங்க. எங்கள இப்பிடியே விட்டுடுங்க. அதுக்கொரு காரணம் இருக்கு."

"காரணம் இல்லாத மனுசர் எங்க இருக்கு அண்ணே? எல்லாரும் ஒரு காரணத்தோடதான் வெளிய நிக்கிறாங்க" என்றேன்.

என்ன காரணம் என்று கேட்க எனக்கு ஒரு நிமிடம் போதும். கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதென்று சைக்கிளில் ஏறிவிட்டேன்.

கடைசியாக ஒரு வேலை செய்தேன். சாய்ந்து நிற்க வண்டி இருப்பதால்தானே நிற்கிறார்கள்? பூசை நேரத்தில் எல்லா வண்டிகளையும் கோயிலுக்குப் பின்னால் பள்ளிக்கூட வளவில் விடவேண்டும் என்று குருவானவரைக் கொண்டே அறிவிக்கச் செய்தேன். மரத்தடியில் கயிறு கட்டினோம். அறிவிப்பைக் கேட்டுவிட்டு வந்து என் கணவர் வீட்டில் சாப்பிட்டார். கை கழுவும்போது, "நான் வெளிய நிண்டதால உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்று கேட்டார். "மானம்" என்றேன்.

ஜனவரி மூன்றாவது ஞாயிறு பதினைந்து பேரும் உள்ளே இருந்தார்கள். என் கணவர் என் பக்கத்தில், வெள்ளைச் சட்டையோடு. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு சாதாரண ஞாயிறில் அன்றுதான் ஒரே வாங்கில் இருந்து பூசை கண்டோம் என்று நினைக்கிறேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அவருடைய முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று நான் அவர் தொடையில் கிள்ளினேன்.

அடுத்த ஞாயிறு அவர் பெற்றோல் அடிக்கவும் போகவில்லை, பூசைக்கும் வெளிக்கிடவில்லை. வாசகம் என்னுடையது, நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் இடுப்பில் சாரத்தோடு முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தார்.

"சனம் என்ன சொல்லும்? முதல் ஆளா நீங்களே பின்வாங்கினா?"

"உன்ட சனத்துக்கு நீயே பதில் சொல்லு."

"பூசைக்கு வராம இருக்கிறதுக்கு வெக்கமில்லையா?"

அவர் எழுந்தார். என்னோடு உரத்துப் பேசாத மனிதர். அன்றைக்குப் பேசினார்.

"மூணு வருசமா நான் பூசைக்கு வராத ஞாயிறு இல்ல. உன்ட தங்கச்சியும் வராத ஞாயிறு இல்ல. ரெண்டு பேரையும் நிப்பாட்டினது நீதான்."

எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். பாலாவிக்குப் போனது பெற்றோலுக்கு இல்லை, தங்கையைக் கூட்டிவர. அவள் ஓட்டோவின் பின் சீட்டில், மழைத்திரையை இறக்கிவிட்டு இருந்து, ஒலிபெருக்கியில் முழுப் பூசையும் கேட்பாளாம். பெண்கள் கிட்ட வந்து பார்த்துவிடாதபடி ஆண்கள் சுற்றி நிற்பார்களாம். பூசை முடிந்து நான் பிள்ளைகளோடு மண்டபத்துக்குள் போனதும் இவர் அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடுவாராம். பதினைந்து பேருக்கும் தெரியும். ஊரில் யார் வீட்டில் என்ன கறி என்பதுவரை கதைக்கிற ஆண்கள், மூன்று வருடம் இதைத் தங்கள் மனைவிமாரிடம்கூட வாய் விடவில்லை.

"ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"சொல்ல வேணாமெண்டு கேட்டது அவள்தான். சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்பாய்?"

நான் என்ன செய்திருப்பேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அன்று என்னுடைய வாசகத்தை வேறு யாரோ வாசித்தார்கள்.

தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பாலாவியில் படகு என்ஜின் திருத்துகிற ஒருவரோடு குடும்பமாக இருக்கிறாள். அவரை விட்டுப் பிரிந்துபோன மனைவி உயிரோடு இருக்கிறாள், அதனால் கோயிலில் இவர்களுக்குக் கல்யாணம் இல்லை, வரிசையில் போய் வாங்குகிற நற்கருணை அப்பமும் இல்லை. அது திருச்சபையின் சட்டம், அதை நான் மாற்ற முடியாது. ஆனால் ஐந்து வருடத்துக்கு முன் அம்மாவின் அடக்கப் பூசையில் நடந்தது எந்தச் சட்டமும் இல்லை, நான். கோயில் வாசலில் அவள் அழுதுகொண்டே என் பின்னால் வந்தாள். நான் திரும்பி, "முன் வாங்கில இருக்காத. சனம் பாக்கும். பின்னால போய் இரு" என்றேன். அவள் கடைசி வாங்குவரை போனாள், பிறகு அதையும் தாண்டி வெளியே போய்விட்டாள். பெட்டியை மூடும்போது அவள் பக்கத்தில் இல்லை. இதை இன்றுவரை யாரிடமும், குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட, முழுதாகச் சொன்னதில்லை. அவளுக்குத்தான் கோயில் பிடிக்காமல் போய்விட்டது என்று ஊருக்கும் எனக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் முடிந்ததும் பஸ் பிடித்துப் பாலாவிக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன், ஒன்றும் சரியாக வரவில்லை. இரண்டு பஸ் தரிப்பிடம் முன்னாலேயே இறங்கிவிட்டு, வெயிலில் நடந்தேன். அவள் வீட்டு வாசலில் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் கையிலிருந்த சட்டையை மறுபடி வாளிக்குள் போட்டாள்.

"அத்தான் சொல்லிப்போட்டாரா?"

"ஓம்."

தேத்தண்ணி தந்தாள். அவளுடைய மனிதர் கைகளில் எண்ணெயோடு வந்து தலையை ஆட்டிவிட்டு, நாங்கள் கதைக்கட்டும் என்று பட்டறைக்குத் திரும்பிப் போனார். நான் பாடம் சொல்லுகிற குரலிலேயே தொடங்கினேன். புது வருடம், புதிய பங்குத்தந்தை, எல்லோரையும் திரும்ப அழைக்கிறோம், உள்ளே வா என்றேன்.

"உள்ள வந்தா என்ன எங்க இருக்கச் சொல்லுவ, அக்கா?"

"உனக்கு விருப்பமான இடத்தில இரு."

"எனக்கு விருப்பமான இடம் ஓட்டோதான். அதையும் நீ எடுத்துட்ட."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்தேன்.

"வாற ஞாயிறு கயித்த அவிழ்த்துவிடுறன். ஓட்டோ மரத்தடியிலயே நிக்கும்" என்றேன்.

"அது நிக்கும். நீ எங்க இருப்ப?"

பதினைந்து ஆண்களுக்கு இடம் பிரித்துக் கொடுத்தவள் நான். பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கிழமை முழுவதும் வகுப்பில் பிள்ளைகள்மேல் எரிந்து எரிந்து விழுந்தேன்.

ஞாயிறு வந்தது. விடியமுன் போய் நானே கயிற்றை அவிழ்த்தேன். கணவர் எனக்கு முன்பே ஓட்டோவை எடுத்துக்கொண்டு போயிருந்தார். முதல் வாசகம் என்னுடையது. வாசிக்கும்போது வெளியே ஓட்டோச் சத்தம் கேட்டது. ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினேன். திரும்பி வந்து முன் வாங்கில் இருந்தேன். இருக்க முடியவில்லை. அவள் வந்திருக்கிறாளா, வெறும் வண்டிதானா? பின்னால் திரும்பினால் பிள்ளைகளின் முகங்கள். குருவானவர் பிரசங்கத்தைத் தொடங்கினார். நான் எழுந்தேன்.

நடு வழியால் நடந்து போனேன். நான் உள்ளே கொண்டுவந்து இருத்திய ஆண்கள் என்னையே பார்த்தார்கள். இரண்டு படகு வைத்திருக்கிற அந்த மூத்தவர் தன் காலை மடக்கி எனக்கு வழி விட்டார். வெளியே காற்று பலமாக அடித்தது. மரத்தடியில் ஓட்டோ, அதில் சாய்ந்தபடி என் கணவர். என்னைக் கண்டதும் நகர்ந்து கொடுத்தார். திரையை விலக்கினேன்.

தங்கை தலையில் முக்காட்டோடு செபமாலையை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஓரமாகத் தள்ளி இருந்தாள். நான் ஏறினேன். பிரசங்கம் வெளியில் நன்றாகவே கேட்டது.

நற்கருணை நேரம் வந்தபோது அவள்தான் என் கையைத் தட்டினாள்.

"நீ போ. நான் இங்கினதான் இருப்பன்."

போகாமல் இருப்பதா என்று யோசித்தேன். அது அவளுக்கு இன்னும் பாரமாகிவிடும் என்று பட்டது. உள்ளே போய் வரிசையில் நின்று வாங்கினேன். என் வாங்கு வலப் பக்கத்தில், இரண்டு எட்டில். அதைக் கடந்து, கோயிலின் முழு நீளத்துக்கும் நடந்து திரும்பவும் வெளியே வந்தேன். பாட்டுப் பாடுகிற பெண்களின் வாய் அசைய, கண்கள் என்னோடு கூடவே வந்தன. அம்மாவின் அடக்கத்தன்று வாசலில் நான் பயந்தது இந்தக் கண்களுக்குத்தான். சனம் பார்த்தது. பார்க்கட்டும் என்று நினைக்க எனக்கு ஐந்து வருடம் பிடித்திருக்கிறது, அதற்காக வெட்கப்பட்டேன். ஓட்டோவில் ஏறி அவள் பக்கத்தில் இருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பூசை முடிவில் அறிவித்தல்கள். கோயிலைத் துப்புரவாக்கும் சிரமதானம், மறைக்கல்விப் பரீட்சை, அதற்குப் பிறகு குருவானவரின் குரல் உற்சாகமாக வந்தது. இந்த வருடத்துக்கான நம் பணியில் முதல் படியைத் தாண்டிவிட்டோம், மரத்தடியில் நின்ற சகோதரர்கள் எல்லோரும் இப்போது நம்மோடு உள்ளே இருக்கிறார்கள் என்றார். இதற்காக ஓடியாடி உழைத்த ஆசிரியை எழுந்து நிற்கும்படி கேட்டார். கைதட்டல் தொடங்கியது, பிறகு இடையில் தயங்கியது. முன் வாங்கில் என்னைத் தேடுகிறார்கள் என்று விளங்கியது.

"அக்கா, உன்னத்தான் கூப்பிடுறார். போ" என்றாள் தங்கை.

"நீயும் வந்தாப் போறன்."

அவள் வரவில்லை. நானும் போகவில்லை.