பல் எந்தப் பக்கம்

என் வீட்டுக்காரரை எல்லாரும் ‘ஏரியல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் நெடுநெடுவென்று ஒல்லியாக இருப்பார், செய்கிற வேலையும் அதுதான். பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களில், ரேடியோவைப் போட்டால் பின்பக்கத்திலிருந்து தானே எழுந்து நிற்கும், அணைத்தால் தானே உள்ளே இறங்கும் ஏரியல் இருக்கிறதே, அதைப் பழுது பார்க்கிறார். உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, இவருக்கு இதுதான் அகப்பட்டது. புதுசு ஒன்றை வாங்கி மாட்டித் தொலைக்கலாமே என்று இருபது வருடமாக நானும் கேட்கிறேன். காரோடு வந்ததுதான் காரில் இருக்கணும் என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஏரியல் குழாயின் அடியில் பல் வைத்த நைலான் கயிறு ஒன்று தொங்கும். உள்ளே மோட்டாரின் சக்கரம் அந்தப் பல்லைப் பிடித்துத்தான் குழாயை ஏற்றி இறக்கும். நாளாக ஆகக் கயிறு காய்ந்து அறுந்துபோகும். இவர் பழைய குழாயையே நிமிர்த்தி, மெருகேற்றி, புதுக் கயிறு கோத்துத் துளைக்குள் விடுவார். நான் காருக்குள் உட்கார்ந்து ரேடியோவை அணைப்பேன். உடனே மோட்டார் கயிற்றை இழுத்துக்கொள்ளும். பல் மட்டும் சக்கரத்தின் பக்கம் இருக்க வேண்டும். இவர் அதைப் பார்க்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவியே சொல்லிவிடுவார். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் பந்தயம் வேறு கட்டுவார். ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

அன்றைக்கு வந்திருந்தது ஒரு போட்டோகிராபரின் சிவப்புக் கார். மதியம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் ரேடியோவை அணைத்தேன். மோட்டார் உர்ரென்று சுற்றியது, கயிறு நகரவில்லை. மறுபடி செய்யச் சொன்னார், செய்தேன். மூன்றாவது தடவையும் அதே கதை. முதலில் மோட்டாரைத் திட்டினார். பிறகு நான் ரேடியோவை ஒழுங்காக அணைக்கவில்லை என்று என்னைத் திட்டினார். எனக்கு வந்ததே கோபம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முணுமுணுத்தபடி இறங்கிப் பின்னால் போனேன்.

பல் வெளிப்பக்கம் பார்த்து இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொழிலுக்கு வந்த முதல் நாள்கூட இவர் செய்யாத தப்பு. அதோடு, வெள்ளைக் கயிறு முழுக்கத் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

“என்னங்க, ரத்தம்,” என்றேன்.

அவர் பதறிப்போய் என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க கிழிச்சுக்கிட்ட?”

என் கையில் ஒரு கீறலும் இல்லை. அவர் பிடித்த இடத்தில்தான் ரத்தம் ஒட்டியது. குழாயின் விளிம்பு அவருடைய கட்டைவிரலை ஆழமாகக் கிழித்திருந்தது. யாரோ ஒருவருடைய விரலைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது எனக்கு. ஆறு மாதமாகச் சட்டைப் பொத்தானை நீயே போட்டுவிடு என்கிறார். இந்த வயதில் என்ன சரசம் என்று கேலி செய்தேன். கொதிக்கிற டம்ளரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே பேசுவார். எருமைத்தோல் என்று சிரித்தேன். பாவி, கண் அவிந்தா போயிருந்தேன்!

விரலுக்குக் கட்டுப் போட்டேன். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு, சக்கரத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் விடணும் என்றார். நானே பல்லைத் திருப்பிக் கயிற்றை விட்டேன். அவர் உள்ளே உட்கார்ந்து ரேடியோவை அணைத்தார். கயிறு சரசரவென்று இறங்கியது. திரும்பப் போட்டதும் ஏரியல் முழுசாக எழுந்து பளபளவென்று நின்றது. மோட்டாரில் கோளாறே இல்லை, நான் அப்பவே நினைத்தேன் என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தார்.

“கண்ணை மூடுங்க,” என்றேன். “ஒரு விரலைத் தொடுவேன். எந்த விரல்னு சொல்லணும். பந்தயம்.”

பந்தயம் என்றதும் சிரித்துவிட்டார். கட்டில்லாத கையை உள்ளங்கை தெரியக் காரின்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவருடைய சுட்டுவிரல் நுனியில் என் நகத்தைப் பதித்து, தோல் வெளுக்கும்வரை அழுத்தினேன்.

“ம், சீக்கிரம் தொடு,” என்றார். “போட்டோகிராபர் வந்துடுவாரு.”