கோணல் கிடார் வாங்கியவன்

கச்சேரி மேடையில் பாட்டுக்கு அடியில் ‘தும் தும்’ என்று ஓடும் பேஸ் கிடார் வாசிக்கிறவருக்குத் தனியாகக் கைதட்டல் கிடையாது. இதே தொழிலில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். நான் தேனியில் பகலில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் காயில் கட்டுகிறேன். முகூர்த்த நாட்களிலும் திருவிழாக் காலத்திலும் செல்வராணி அக்காவின் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக ஒரே குழு. போன வருஷம் அந்த இடமே ஆட்டம் கண்டது. புதுக் கிடார் வாங்கியது அதனால்தான்.

தொய்ந்த கம்பி

அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டியதும் குரல் கொஞ்சம் கனத்தது. பாட்டுகளைச் சுருதி இறக்கி வாசிக்க ஆரம்பித்தோம். அப்படி இறக்கினால் என் கிடாரின் ஐந்தாவது கம்பிக்கு, அதாவது இருப்பதிலேயே தடித்த கம்பிக்கு, வேலை கூடிவிடும். என் பழைய கிடாரில் அது துணி காயப்போடும் கொடி மாதிரி தொய்ந்து கிடக்கும். தட்டினால் ‘தும்’ என்று விழாது, படபடவென்று அடித்துக்கொள்ளும். புதுக் கம்பி மாட்டினேன், அதைவிடத் தடித்த கம்பியும் மாட்டிப் பார்த்தேன். சரியாகவில்லை.

சின்னமனூரில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். கீபோர்டு வாசிக்கும் இப்ராகிம், உத்தமபாளையத்துக்காரர், கொஞ்சம் தள்ளி ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பதில் பேசியிருப்பேன். அவர் தணிந்த குரலில்தான் சொன்னார்: “ஜோசப்பு, சங்கடப்படாதப்பா, தையிலருந்து பேஸையும் இப்ராகிம் தம்பியே கீபோர்டுல இடது கையில பாத்துக்கிறேங்குது.”

மதுரைக் கடையில்

இரண்டு நாள் கழித்து இப்ராகிமே போன் செய்தார். என் இடத்தைப் பிடிக்க அவருக்கு ஆசை இல்லை. அக்கா கேட்டார், சரி என்றிருக்கிறார். தடித்த கம்பி நீளமாக இருந்தால்தான் இறுக்கம் வரும், மல்டிஸ்கேல் என்று ஒரு வகை கிடார் இருக்கிறது, பாருங்கள் என்றார். அதில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நீளம். தடித்தது நீளம், மெலிந்தது குட்டை. அதனால் விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் பட்டைகள் நேராக இருக்காது, விசிறி மடிப்பு மாதிரி சாய்ந்து விரிந்திருக்கும்.

தேனியில் கிடைக்கவில்லை. மதுரையில் ஒரு கடையில் ஒன்றே ஒன்று சுவரில் தொங்கியது. மடியில் வைத்துத் தடித்த கம்பியை ஒரு தடவை தட்டினேன். விலா எலும்பு வரை அதிர்ந்தது. காயில் கட்டி முடித்த மோட்டார் முதல் கரண்டில் சுற்றும்போது வருமே, அந்த மாதிரி சீரான உறுமல். விரல் வைத்து வாசித்தபோது மட்டும் முதல் நாலு ஃப்ரெட்டில் சுரம் தப்பித் தப்பி விழுந்தது. ஆனாலும் அதற்குள் மனசு முடிவு செய்துவிட்டது. பில் போடுகிறவர் என் முகத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், இங்கனயே நல்லாப் பாத்துக்கங்க, செய்யும்போதே கோணிப்போச்சுன்னு ரெண்டு பேரு திருப்பிக் கொண்டாந்துட்டாக.”

ஜன்னலோர சீட்டு

தேனிக்குத் திரும்பும் பஸ்ஸில், கிடார் பெட்டியைப் பின்னால் டிக்கியில் போடச் சொன்னார் கண்டக்டர். உசிலம்பட்டி வரைக்கும் ரோடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் அதில் போடுவானா? இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் அதை நிற்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உசிலம்பட்டியில் கூட்டம் ஏறியது. மயிலாடும்பாறைக்குப் போகிற ஒரு அம்மா, ஆஸ்பத்திரியில் மகளைப் பார்த்துவிட்டு வருகிறவர், கால் வலியோடு கம்பியைப் பிடித்து நின்றார். பெட்டியை எழுப்ப முடியாது. நான் எழுந்துகொண்டேன்.

ஆண்டிபட்டி கணவாய் வளைவுகளில் பெட்டி சாயும்போதெல்லாம் அந்த அம்மாவே முழங்கையால் தாங்கிக்கொண்டார். ஆண்டிபட்டியில் இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார்: “உங்க பெட்டி நல்லா சாஞ்சுக்கிட்டுத்தான் வந்துச்சு, இனி நீங்களும் உக்காருங்க.”

வீட்டில் ஒரு வாரம்

என் மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் சாதகம் செய்த அதே அறையில்தான் அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் விரலில் இருக்கிறது, ஆனால் சாய்ந்த பட்டைகளைக் கண் பார்த்ததும் விரல் குழம்பிவிடும். அரைச் சுரம் தள்ளி விழும். கடையில் திருப்பிக் கொடுத்த இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டேன். ஆறாம் நாள், கிடார் பலகையில் அடையாளம் வைக்கலாம் என்று அவளிடமே நெயில் பாலிஷ் கேட்டேன். தாளிலிருந்து தலையை எடுக்காமல் அவள் சொன்னாள்: “ஒரு வாரமா கேக்குறேன், அதக் குனிஞ்சு பாக்கும்போதுதான் தப்பு விடுறீக, சுவத்தப் பாத்து வாசிங்க.”

கம்பம் மண்டபம்

புதுக் கிடாரோடு ஒரே ஒரு கச்சேரி வாசித்துக் காட்டுகிறேன் என்றேன், அக்கா ஒப்புக்கொண்டார். கம்பத்தில் மாலை வரவேற்பு. சரியாக வராவிட்டால் பாதியில் இப்ராகிம் எடுத்துக்கொள்வார் என்று பேச்சு. கீபோர்டின் இடது பக்கம் பேஸ் சத்தம் தயாராக இருந்தது. எனக்கு நேர் எதிரே ‘உணவுக்கூடம்’ என்று ஒரு பலகை. அதைப் பார்த்தபடியே முதல் பாட்டை வாசித்து முடித்தேன். இரண்டாவது பாட்டில் தைரியம் வந்து குனிந்து பார்த்தேன். உடனே ஒரு சுரம் தப்பியது. அக்கா பாடிக்கொண்டே திரும்பினார்.

அதற்கப்புறம் ‘உணவுக்கூடம்’ பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது, சுருதி இறக்கிய பாட்டு. சரணம் முழுக்க ஐந்தாவது கம்பியில்தான் ஓட வேண்டும். ஓடியது. அக்கா திரும்பவே இல்லை. கச்சேரி முடிந்து வேனில் ஏறும்போது, தை மாதத் தேதிகளை எனக்கும் சேர்த்து வாசித்தார். நான் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். இப்ராகிம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்: “அண்ணே, எனக்கு ஸ்டூலே அதிருது, இனிமே என் இடது கைக்கு வேலை வச்சிராதீக.”

ஆல்பம்

அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் கெங்குவார்பட்டிக்காரர். தோட்டத்து மோட்டாரைக் காயில் கட்டக் கொண்டுவந்த இடத்தில் என்னை அடையாளம் கண்டு, போனில் ஒரு படத்தைக் காட்டினார். மேடையில் நான், கையில் புதுக் கிடார். பட்டைகள் ஒவ்வொன்றும் தண்டவாளக் கட்டை மாதிரி நேராக இருந்தன. நான் அதையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவர் முகத்தில் ஒரு திருப்தி: “மேடையில கோணலா இருந்துச்சுண்ணே, கல்யாண ஆல்பமாச்சேன்னு கம்ப்யூட்டர்ல உக்காந்து ஒவ்வொண்ணா நேராக்கிட்டேன்.”

ஆகவே மல்டிஸ்கேல் பேஸ் வாங்க நினைக்கிறவர்கள், வாசித்துப் பழக ஒரு வாரமும், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க மீதி ஆயுளும் ஒதுக்கி வைத்துவிட்டு வாங்குவது நல்லது.