மார்ட்டின் ஹெவரன் யார் மகன்?

கில்டாரா வட்டாரத்தில் முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகத் தபால் போட்டவள் அட்ராக்டா கில்டே. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு ஆள் கடிப்பான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வேலையில் இருக்கும்போதே அவளுக்கு இன்னொரு பைத்தியமும் பிடித்துக்கொண்டது. செத்தவர்களின் முகவரியைத் தேடும் பைத்தியம். பாஸ்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் யாராவது கொள்ளுத்தாத்தாவைத் தேடி வந்து இறங்கினால், பாதிரியாரே "அட்ராக்டாகிட்ட போங்க" என்று கை காட்டிவிடுவார். அவளும் ஞானஸ்நானப் பதிவேடு, சர்க்கார் பிறப்புப் பதிவு, பழைய ஜனக்கணக்கு என்று மூன்றையும் மேஜையில் பரப்பி, ஒன்றை ஒன்றோடு மோதவிட்டு உண்மையைக் கறந்துவிடுவாள். தப்பு செய்ததாக அவளே ஒப்புக்கொண்ட சரித்திரம் மட்டும் கிடையாது.

அந்த மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் கோல்மன் ஹெவரன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். எழுபத்திரண்டு வயசு, கல்யாணம் ஆகாதவன், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவன். முந்தின நாள்தான் அவனுடைய அக்கா டிம்ப்னா இறந்துபோயிருந்தாள். வியாழக்கிழமை அடக்கம்.

"பழைய கல்லறையில ஹெவரன் குழியிலதான் என்னை வைக்கணும்னு அக்கா கேட்டுக்கிட்டா, அட்ராக்டா. ஃபெஸ்டஸ் முடியாதுங்கறான்."

"அவன் யாரு முடியாதுங்கறதுக்கு?"

கோல்மன் தொப்பியைக் கையில் உருட்டினான். "நீ எழுதிக் கொடுத்ததைத்தான் காட்டறான்."

அட்ராக்டாவுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷத்துக்கு முன், ஃபெஸ்டஸ் ஹெவரன் கேட்டானென்று அவன் குடும்பத்துக்கு ஒரு வம்சப்படம் வரைந்து கொடுத்திருந்தாள். தாத்தா ஆன்டனி, பாட்டி சபீனா, அவர்களுக்கு ஆறு பிள்ளைகள். அதில் மூத்தவர் தடி என்பவர், ஃபெஸ்டஸின் அப்பா. கோல்மனின் அப்பா மார்ட்டினுக்கு மட்டும் ஓரமாக ஒரு புள்ளிக்கோடு போட்டு 'வளர்ப்பு' என்று எழுதியிருந்தாள். கில்டாரா கோயில் பதிவேட்டில் ஆறு பேருக்கும் ஞானஸ்நானம் இருந்தது, மார்ட்டினுக்கு இல்லை. அனாதை விடுதியிலிருந்து எடுத்து வளர்த்த பையன் என்று ஊரும் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அதற்கு மேல் தேடவில்லை. ஃபெஸ்டஸ் அதைச் சட்டம் போட்டு அடுப்பங்கரையில் மாட்டிவிட்டான்.

அவனைப் பார்க்க அவள் நேரே போனாள். அவன் ஆட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தான்.

"வா தாயே. உன் கையெழுத்தை நீயே அழிக்க வந்தியா?"

"செத்தவகிட்ட என்னடா உனக்கு வம்பு?"

"எனக்கென்ன வம்பு? அந்தக் குழியில இன்னும் ரெண்டு பேருக்குத்தான் இடம். அது ஹெவரன் ரத்தத்துக்கு. டிம்ப்னாவுக்குப் புது இடுகாட்டுல நானே குழி வெட்டறேன், பக்கத்து வீட்டுக்காரன்ங்கிற முறையில. ஊர் வழக்கப்படி சொந்தக்காரன்தான் வெட்டக் கூடாது, நான் வெட்டலாம். நாளைக்கு மத்தியானம் டைனன் பசங்களோட மண்வெட்டியும் கையுமா நிப்பேன். போதுமா?"

அவன் சொன்னது அவளுக்கு எரிந்தது. அதைவிட எரிந்தது, பள்ளிக்கூடத்தில் டிம்ப்னாவை 'அனாதையோட மகள்' என்று சொல்லிச் சொல்லியே அழவைத்த கும்பலில் தானும் நின்றிருந்தது. மார்ட்டின் கவன்ட்ரியில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்து, அங்கேயே பேர் இல்லாத குழியில் கிடக்கிறான். அப்பாதான் வரவில்லை, தானாவது அவருடைய ஜனங்களோடு படுக்கவேண்டும் என்று அந்தப் பெண் ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

வீட்டுக்கு வந்து, தேநீரைக் கெட்டியாகப் போட்டுக்கொண்டு, தன்னுடைய பழைய படத்தின் நகலைப் பிரித்து உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தில் மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"அடி முட்டாளே!"

அவள் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பேர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பேர். இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் அந்தக் காலத்தில் இதை மீறமாட்டார்கள். ஆன்டனியின் அப்பா பேர் மார்ட்டின். கல்லறைக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறது. அப்படியிருக்க, தடி எப்படி மூத்தவன் ஆவான்? அவனுக்கு முன்னால் ஒரு மார்ட்டின் பிறந்தே ஆகவேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவாள் என்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் சபீனா இந்த ஊர்க்காரி என்றல்லவா நினைத்திருந்தோம்? கல்யாணம் இங்கேதான் நடந்தது, தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, 1911 பிப்ரவரியில்.

அந்த வருஷம் ஏப்ரல் மாத ஜனக்கணக்கை எடுத்தாள். ஹெவரன் வீடு, புதுப் பெண்டாட்டி சபீனா, பிறந்த மாவட்டம் என்ற கட்டத்தில் ராஸ்காமன். இருபது வருஷத்துக்கு முன் அந்தக் கட்டத்தின் மேல் அவள் கண்ணே போகவில்லை. சபீனாவின் பிறந்த வீட்டுப் பேர் கீல்ட்டி. இரண்டாவது மகன் தடி என்றால், அவளுடைய அப்பா பேரும் தடியாகத்தான் இருக்கவேண்டும். ராஸ்காமனில் எல்லையை ஒட்டி தடி கீல்ட்டி என்று ஒரே ஒரு கிழவர்தான் இருந்தார், டெர்ரிலாகன் கோயிலைச் சேர்ந்த ஊரில்.

அந்தக் காலத்துச் சர்க்கார் பிறப்புப் பதிவு கணினியிலேயே கிடைத்தது. கோயில் பதிவேடு மட்டும் அந்தந்தக் கோயில் அலமாரியில்தான் இருக்கும். புதன்கிழமை விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு டெர்ரிலாகன் போனாள். கோயில் அலுவலகம் பூட்டியிருந்தது. அதன் சாவி வைத்திருந்த கன்செப்டா அம்மாள் முடி திருத்தும் கடையில், தலை நிறைய முடி சுருட்டும் உருளைகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"புதன்கிழமை லீவுங்க."

"நாளைக்கு அடக்கம்ங்க. செத்தவங்களுக்கு லீவு தெரியாது."

கன்செப்டா உருளைகளின் மேலேயே துணியைக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். 1911 டிசம்பர் பக்கத்தில் அட்ராக்டாவின் விரல் நின்றது. பிறகு ஓரத்துக்கு நகர்ந்தது. அங்கே வேறொரு மையில் இரண்டு வரி இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சொந்தமா?" என்று கேட்டாள் கன்செப்டா.

"இல்லைங்க. நான் ஒருத்தருக்கு அநியாயம் பண்ணிட்டேன். அது இங்க சரியாயிடுச்சு."

மத்தியானம் புது இடுகாட்டில் ஃபெஸ்டஸ் புல்லை மண்ணோடு கட்டி கட்டியாகச் செதுக்கி முடித்திருந்தான். டைனன் சகோதரர்கள் இருவரும் மண்வெட்டியோடு பக்கத்தில் நின்றார்கள். கோயில் பதிவின் நகலையும் சர்க்கார் பதிவையும் அட்ராக்டா அவன் கையில் திணித்தாள். அவன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தான். படித்துவிட்டுச் சிரித்தான்.

"ஞானஸ்நானம் டிசம்பர் ரெண்டு. சர்க்கார் பேப்பர்ல பிறந்தது டிசம்பர் இருபத்திமூணு. பிறக்கறதுக்கு மூணு வாரம் முன்னாடியே தலையில தண்ணி ஊத்தினாங்களா? யாருக்குக் காது குத்தறே?"

"சர்க்கார்ல பதியறதுக்குக் கெடு உண்டு, தாண்டினா அபராதம். கெடு தாண்டினவன் பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்லிட்டுப் போயிடுவான். பாதிரியார்கிட்ட அந்த ஜம்பம் பலிக்காது, பிறந்த மறுநாளே தூக்கிட்டுப் போயிடணும். உன் அப்பனோட பேப்பரையும் எடுத்துட்டு வந்திருக்கேன், பாரு. அவரும் பிறக்கறதுக்குப் பத்து நாள் முன்னாடி ஞானஸ்நானம் வாங்கினவர்தான்."

டைனன் சகோதரர்கள் சிரித்துவிட்டார்கள். ஃபெஸ்டஸ் சிரிக்கவில்லை.

"சரி, அப்படி ஒரு புள்ள பிறந்து செத்திருக்கும். அந்தப் பேரை விடுதிப் பையனுக்கு வச்சிருப்பாங்க."

"ஓரத்துல எழுதியிருக்கறதைப் படி. எவனுக்குக் கல்யாணம் ஆனாலும் ஞானஸ்நானம் வாங்கின கோயிலுக்குக் கடிதாசி போகும், இங்க குறிச்சு வைப்பாங்க."

லத்தீன்தான். ஆனாலும் பேர்கள் புரிந்தன. 1938, கவன்ட்ரி, மணப்பெண் ஹானர் டிக்னன். கோல்மனையும் டிம்ப்னாவையும் பெற்றவள். இந்தக் குழந்தைதான் அந்த மாப்பிள்ளை.

ஃபெஸ்டஸ் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் படித்தான்.

"அப்போ எங்க அப்பா மூத்தவர் இல்ல."

"இல்ல. மார்ட்டின்தான் மூத்தவர். அம்மா வீட்டுல வளர்ந்துட்டு வந்த புள்ளையை ஊர் விடுதிப் பையன்னு கதை கட்டியிருக்கும். நான்தான் தப்பா எழுதினேன், ஃபெஸ்டஸ். தப்பு என்னோடது. அந்தப் படத்தை இறக்கி வை, சாயங்காலம் நானே வந்து திருத்தறேன்."

ஃபெஸ்டஸ் செதுக்கிய புல்கட்டிகளை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்துக் காலால் அழுத்தினான். பிறகு தன் மண்வெட்டியை எடுத்துப் போய் மூத்த டைனனிடம் நீட்டினான்.

"பழைய கல்லறைக்குப் போங்கடா. எங்க தாத்தாவுக்கு வலது பக்கம் வெட்டுங்க."

"நீ வரலையா, ஃபெஸ்டஸ்?"

"நான் எப்படிடா வெட்டறது? அவ என் பெரியப்பா மக."